மோட்டார் கீழே, குறை மேலே: வீட்டு போர்வெல் பழுதும் அதன் செலவும்

கடந்த ஆண்டு சித்திரையில் எங்கள் வீட்டு போர்வெல் மோட்டார் 19 நாளுக்குள் இரண்டு முறை மேலே வந்தது. இரண்டு முறையும் காயில், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளைப் புதிதாகக் கட்டினோம். ஏற்றி இறக்கிய கூலி, காயில் கட்டிய செலவு, இடையில் வாங்கிய டிராக்டர் தண்ணீர் எல்லாம் சேர்ந்து 19,000 ரூபாயைத் தொட்டது. கடைசியில் பார்த்தால், கெட்டுப்போயிருந்தது சுவரில் மாட்டியிருந்த ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருந்த ஒரு பச்சை பட்டன். விலை 120 ரூபாய்.

நான் மெக்கானிக் இல்லை. பல்லடம் பக்கத்தில் 480 அடி போர் வைத்திருக்கும் சாதாரண வீட்டுக்காரன். ஆனால் அன்றிலிருந்து எங்கள் தெருவில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் போய் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: தூக்குவதற்கு முன்னால், மேலே பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்து முடித்துவிடுங்கள். மோட்டார் ரிப்பேரில் கெட்ட பொருளுக்கு ஆகும் காசைவிட, அந்தப் பொருளைக் கையால் தொடுவதற்கு ஆகும் காசுதான் பெரும்பாலும் அதிகம்.

கணக்கைப் பாருங்கள். எங்கள் மோட்டார் 440 அடியில், அதாவது 134 மீட்டரில் தொங்குகிறது. ஒன்றேகால் அங்குலக் கறுப்பு ஓஸில் மீட்டருக்கு ஏறக்குறைய 0.8 லிட்டர் தண்ணீர் நிற்கும். பம்பின் தலையில் இருக்கும் என்.ஆர்.வி. வால்வு நல்ல நிலையில் இருந்தால் அந்தத் தண்ணீர் கீழே இறங்காது. ஆக, தூக்கத் தொடங்கும்போது 100 லிட்டருக்கு மேல் தண்ணீர், ஓஸ், கேபிள், பம்பு, மோட்டார் எல்லாமாகச் சேர்ந்து 200 கிலோ போல் தொங்குகிறது. போர் வாயில் முக்காலி நட்டு, கப்பி மாட்டி, மூன்று நான்கு பேர் இழுக்கிறார்கள். மேலே வந்த ஓஸ் தெருவோடு நீண்டுகொண்டே போய், எட்டாவது வீட்டு வாசலைத் தாண்டும். ஒருவர் கூடவே நடந்து, ஓஸோடு கேபிளைக் கட்டியிருக்கும் டேக்குகளைப் பிளேடால் அறுத்துக்கொண்டே போவார். ஒரு மணி நேரம் தெருவில் வண்டி போக முடியாது. இதற்கு எங்கள் பக்கம் ஏற்றி இறக்க 3,500 முதல் 5,000 ரூபாய் வரை வாங்குகிறார்கள். சித்திரை, வைகாசியில் ஆள் கிடைப்பதே அரிது; கூலியும் ஏறும்.

பழைய வீடுகளில் ஓஸுக்குப் பதில் ஜி.ஐ. பைப் இருக்கும். அதே ஒன்றேகால் அங்குலத்தில் மீட்டருக்கு மூன்று கிலோவுக்கு மேல் கனம். 440 அடிக்கு இரும்பு மட்டும் 400 கிலோவைத் தாண்டும். உள்ளே நிற்கும் தண்ணீர் தனி. இருபது அடிக்கு ஒரு பைப்பாக 22 பைப்பையும் கிளாம்ப் போட்டு நிறுத்தி, ரெஞ்சால் கழற்றி, திரும்ப அத்தனையையும் மாட்ட வேண்டும். மரை துருப்பிடித்திருந்தால் இன்னும் மோசம். அதனால்தான் ஜி.ஐ. பைப் என்று சொன்னதுமே கூலியை இரண்டு மடங்காகச் சொல்கிறார்கள். அவர்கள் கேட்பதில் தவறில்லை.

பெட்டியில் தொடங்குங்கள்

வீடுகளில் இருப்பது பெரும்பாலும் சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிள், அதாவது தண்ணீருக்குள் மூழ்கியபடியே ஓடும் மோட்டார். இந்த மோட்டாருக்குள் இரண்டு காயில். ஒன்று ரன்னிங் காயில். ஓடுகிற நேரம் முழுக்க வேலை செய்வது. இன்னொன்று ஸ்டார்ட்டிங் காயில். நிற்கிற மோட்டாரைத் தள்ளிவிடுவது. பச்சை ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பிடிக்கும் அந்த இரண்டு மூன்று நொடிக்கு மட்டும் பெட்டியில் உள்ள பெரிய கெபாசிட்டர் (பழைய ஆட்கள் கண்டன்சர் என்பார்கள்) கூடுதல் மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மைக்ரோஃபாரட் (கெபாசிட்டரின் கொள்ளளவு) குறைவான ரன்னிங் கெபாசிட்டர் மட்டும் கடைசிவரை இணைப்பில் இருக்கும்.

மோட்டார் "ம்ம்ம்" என்று முனகிவிட்டு ட்ரிப் ஆகிறதா? முதல் சந்தேகம் கெபாசிட்டர் மேல். 200 முதல் 450 ரூபாய்க்குள் முடிகிற வேலை. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஆம்ஸ் (மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் அளவு) வழக்கத்தைவிடக் கூடுதலாக நிற்கிறது என்றால், ரன்னிங் கெபாசிட்டர் தளர்ந்திருக்கலாம். 36 என்று எழுதியிருப்பதை மீட்டரில் வைத்தால் 20 காட்டும். வெளியில் பார்க்கப் புதிதுபோலவே இருக்கும். பெட்டிக்குள் எறும்பு புகுந்து கான்டாக்ட் முனைகளுக்கு நடுவில் கருகிக் கிடப்பதும், பல்லி செத்துக் கிடப்பதும் நம் ஊர்களில் அன்றாடம். ஒயர் கட்டும் ஸ்க்ரூ தளர்ந்து சூடேறிப் பழுப்பாகியிருப்பதும் அப்படித்தான். இவற்றில் எதற்கும் மோட்டாரைத் தூக்கத் தேவையில்லை. மெயினை இறக்கிவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துத் திறந்தால் அரை மணி நேர வேலை. கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் மெயினை இறக்கிய பிறகும் வெறும் கையை உள்ளே விடாதீர்கள்.

பெட்டியின் முகத்தில் இருக்கும் ஆம்ஸ் மீட்டர்தான் 440 அடி கீழே நடப்பதை உங்களுக்குச் சொல்லும் ஒரே ஆள். மோட்டார் நல்லபடியாக ஓடும் ஒரு நாளில் அதன் ஆம்ஸையும் வோல்ட்டையும் எழுதி வையுங்கள். எங்கள் ஒன்றரை ஹெச்.பி. மோட்டாருக்கு அது 10 ஆம்ஸ். பிறகு ஒரு நாள் ஆம்ஸ் மிகக் குறைந்து, தண்ணீரும் வரவில்லை என்றால், மோட்டார் சுமையில்லாமல் சுற்றுகிறது என்று பொருள்: தண்ணீர் மட்டம் கீழே போயிருக்கலாம், மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் உடைந்திருக்கலாம். ஆம்ஸ் வழக்கம்போல இருந்து தண்ணீர் மட்டும் குறைந்தால், ஓஸில் எங்கோ ஓட்டை விழுந்து போருக்குள்ளேயே தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கலாம். போர் வாயில் காதை வைத்தால் சத்தம் கேட்கும். ஆம்ஸ் ஏறிப்போய் ட்ரிப் ஆனால் மணல் அடைத்திருக்கலாம், சுழலும் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கலாம், வோல்டேஜ் குறைந்திருக்கலாம்.

இன்னொரு சோதனை உண்டு. மோட்டாருக்குப் போகும் கேபிளில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று ஒயர். பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு, இரண்டிரண்டாக ஓம்ஸ் (மின்தடை) பார்க்க வேண்டும். மூன்று அளவுகளில் பெரியது, மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக வர வேண்டும். இரண்டு அளவு 3, 8 என்று வந்தால் மூன்றாவது 11. கணக்கு ஒத்துவந்து, மெக்கர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்ததில் எர்த் லீக்கும், அதாவது மின்சாரம் வெளியே கசிவதும் இல்லையென்றால், காயில் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. தூக்கச் சொல்பவரிடம் இந்த மூன்று அளவையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்தப் பச்சை பட்டன்

எங்கள் கதையில் நடந்தது இதுதான். முதல் தடவை பெட்டியில் ஸ்டார்ட்டிங் கெபாசிட்டர் உப்பி, மூடியைப் பிளந்து எண்ணெய் கசிந்திருந்தது. வந்தவர் அதை மாற்றினார். மோட்டார் ஓடவில்லை. "காயில் போயிருக்கும்" என்றார். தூக்கினோம், காயில் கருகியிருந்தது உண்மைதான். கட்டி இறக்கினோம். பத்தொன்பதாவது நாள் காலை அதே நாற்றம், அதே உப்பிய கெபாசிட்டர்.

இந்த முறை தூக்கிய மோட்டாரை வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அறுபதைக் கடந்த பெரியவர், நாற்பது வருஷமாகக் காயில் கட்டுகிறவர். மோட்டாரைப் பிரித்து, உள்ளே இருந்த தண்ணீரைத் தகர டப்பாவில் ஊற்றி முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார்.

"இங்க பாருங்க. ஸ்டார்ட்டிங் காயில் மட்டும்தானுங்க கருகியிருக்குது. ரன்னிங் காயில் கலர்கூட மாறல. லோ வோல்டேஜ்லயோ தண்ணியில்லாமயோ போயிருந்தா ரெண்டும் சேர்ந்துதானுங்க வெந்திருக்கும். உங்களுக்குத் தப்பு கீழ இல்லீங்க, பொட்டிலதான். அதைக் கழட்டிக் கொண்டாங்க."

கொண்டுபோனேன். பச்சை பட்டனைப் பிரித்தார். உள்ளே இருந்த இரண்டு சிறு செப்பு முனைகளில் ஒன்று உருகி மற்றதோடு ஒட்டியிருந்தது. விரலை எடுத்ததும் பட்டன் வெளியே வந்துவிடும். ஆனால் உள்ளே தொடர்பு விடவே இல்லை. மூன்று நொடிக்கென்று வைத்த பெரிய கெபாசிட்டர், மோட்டார் ஓடிய நேரம் முழுக்க ஸ்டார்ட்டிங் காயிலுக்குக் கூடுதல் மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. குறைந்த வோல்டேஜில் மோட்டார் கிளம்பாமல், நாங்கள் பட்டனை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்ததில்தான் முனை உருகியிருக்கும் என்றார்.

முதல் பட்டறையில் என்னை ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை. கருகிய காயிலைக் கட்டித்தான் கொடுத்தார்கள். ஏன் கருகியது என்று யாருமே கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை. அதற்குக் கொடுத்த விலை இன்னொரு 8,000 ரூபாய்.

வோல்டேஜ் எங்கே போகிறது

நம் வீட்டு இணைப்பு 230 வோல்ட். கோடை மாலையில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும்போது பெட்டியின் மீட்டர் 200 காட்டுவது இங்கே புதிதில்லை. ஆனால் மோட்டாருக்குக் கிடைப்பது அந்த 200கூட இல்லை. 440 அடி கேபிளில் மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும். மொத்தம் 268 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிளில் அந்தத் தூரத்துக்கு ஏறக்குறைய 2 ஓம் தடை. 10 ஆம்ஸ் ஓடினால் 20 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். காசு மிச்சம் என்று 1.5 கேபிள் போட்டிருந்தால் 32 வோல்ட். மேலே 200 காட்டும்போது கீழே மோட்டார் 168இல் தவித்துக்கொண்டிருக்கும். மோட்டாரின் தள்ளுதிறன் வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது. 230க்கு 168 கிடைத்தால் பாதிதான் மிஞ்சும். சுமையோ அப்படியே இருக்கிறது. குறைந்ததை ஈடுகட்ட மோட்டார் அதிக ஆம்ஸ் இழுக்கும். சூடும் ஆம்ஸின் இருமடியாக ஏறும்.

தண்ணீர் நிரப்பிய மோட்டார்களில் காயில் கம்பிக்குப் பிளாஸ்டிக் உறைதான் காப்பு. பி.வி.சி. உறையானால் சுமார் 70 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்காது. ஒரே நாளில் கருகாது. ஒவ்வொரு கோடை மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, ஏதோ ஒரு காலையில் விட்டுவிடும். அதனால் மீட்டர் 200க்குக் கீழே காட்டும்போது மோட்டார் போடாமல் இருப்பதுதான் செலவில்லாத பாதுகாப்பு. நாங்கள் இப்போது விடியற்காலை ஐந்து மணிக்குத் தொட்டி நிறைத்துக்கொள்கிறோம். அப்போது 225 நிற்கிறது.

இடி மின்னல் காலத்தில் மெயினை இறக்கிவைப்பதும் அதே வகை. கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரை ஏறலாம். அதற்கு எந்தக் காயிலும் நிற்காது.

தண்ணீர் இல்லாமல் ஓடுவது

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 73 சதவீதத்துக்கு அடியில் கடினப் பாறை. எங்கள் கொங்குப் பக்கம் முழுக்க அப்படித்தான். மணற்பாங்கான கடலோரத்தில் தண்ணீர் மண் முழுக்கப் பரவி நிற்கும். இங்கே பாறை வெடிப்புகளில் மட்டும் ஊற்றுக்கண். போரில் நிற்கும் தண்ணீரை மோட்டார் அரை மணியில் இறைத்துவிடும். ஊற்று அதை நிரப்ப மூன்று மணி எடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை தவறிய வருஷத்தில் பங்குனிக்கே இந்த நிலை வந்துவிடுகிறது.

சப்மெர்சிபிள் மோட்டாருக்குச் சுற்றியிருக்கும் தண்ணீர்தான் குளிர்ச்சி. பம்பின் புஷ்களுக்கு அதுவே எண்ணெய். வற்றிய போரில் பத்து நிமிடம் ஓடினாலே புஷ் காய்ந்து தேயும். தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் பிளாஸ்டிக் இம்பெல்லர்கள் இளகி ஒன்றோடொன்று ஒட்டும். இதற்கு ஸ்டேஜ் செட், அதாவது இம்பெல்லர் அடுக்கு மாற்ற 2,500 முதல் 5,000 வரை ஆகும்; தூக்கும் கூலி தனி. ஆம்ஸ் குறைந்ததும் தானே நிறுத்திவிடும் டிரை ரன் தடுப்பான் 1,500 முதல் 4,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு தடவை தூக்கும் கூலிதான் அது. ஊற்றுக் குறைந்த போர் வைத்திருக்கிறவர்கள் இதை மாட்டாமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

தண்ணீர் போதவில்லை என்று மோட்டாரைப் போரின் அடிவரை இறக்குவது இன்னொரு தப்பு. அடியில் சேறும் பாறைத் தூளும் படிந்திருக்கும். நாற்பது அடியாவது விட்டுத்தான் நிறுத்த வேண்டும். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது மொட்டைமாடிக் குழாயை வடிகட்டும் குழி இல்லாமல் நேராகப் போருக்குள் விட்ட வீடுகள் உண்டு. நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனால் மழைக்கு மழை சேறு உள்ளே போய் இம்பெல்லரைத் தின்கிறது. ஜல்லியும் மணலும் நிரப்பிய குழி வழியாகப் போகும்படி மாற்றிக்கொண்டால் அதே மழைநீர் மோட்டாரைக் காப்பாற்றும்.

உப்புத் தண்ணீருக்கு மருந்தில்லை. இம்பெல்லர் வழிகளில் வெள்ளையாகப் படிந்து வழியை அடைக்கும். நான்கைந்து வருஷத்துக்கு ஒரு முறை பிரித்துச் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும்.

ஊற்று மிகக் குறைந்த வீடுகளில் இதனால்தான் ஏர் கம்ப்ரசர் வைத்திருக்கிறார்கள். மோட்டாரும் கம்ப்ரசரும் தரைமேல். போருக்குள் இறங்குவது காற்றுக் குழாயும் தண்ணீர்க் குழாயும் மட்டும். தண்ணீர் விட்டுவிட்டுக் கொட்டும், சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும், கரண்ட் அதிகம் குடிக்கும். ஆனால் பெல்ட், பிஸ்டன் ரிங், வால்வு என்று எது கெட்டாலும் நின்ற இடத்திலேயே மாற்றிவிடலாம், வற்றினாலும் கருகாது.

தூக்கிய பிறகு

தூக்கித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால், மேலே வந்தபோதே மற்றதையும் பார்த்துக்கொள்வதில்தான் மிச்சம் இருக்கிறது. மோட்டாருக்குச் சற்று மேலே கேபிளை இணைத்திருக்கும் ஜாயின்ட்டைப் பாருங்கள். டேப் தளர்ந்து தண்ணீர் புகுந்தால் அதுவே ட்ரிப் ஆக்கும், காயில் மேல் பழி விழும். என்.ஆர்.வி. வால்வையும் நைலான் கயிற்றையும் பாருங்கள். கயிறு இற்றுப்போய் மோட்டார் போருக்குள் விழுந்தால் அதை எடுப்பது தனிச் செலவு. எடுக்க முடியாமல் போரையே கைவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

ஒன்று, ஒன்றரை ஹெச்.பி.க்குக் காயில் கட்ட எங்கள் பக்கம் 3,000 முதல் 5,000. செப்புக் கம்பியா அலுமினியமா என்று முன்கூட்டியே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். கருகிய பழைய செம்பு உங்களுடையது. எடை போட்டுக் கழித்துத் தரச் சொல்லலாம். தண்ணீர் நிரப்பும் மோட்டார் என்றால், இறக்குவதற்கு முன் உள்ளே நல்ல தண்ணீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றினார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அவசரத்தில் விட்டுப்போகும் வேலை அது. காயிலும் போய், ஸ்டேஜும் தேய்ந்து, மோட்டாருக்குப் பத்து வயதும் ஆகியிருந்தால் புதிது வாங்குவதே மேல், ஒன்றரை ஹெச்.பி. செட் 15,000 முதல் 22,000 வரை ஆகிறது. நமக்குப் பக்கத்திலேயே கோயம்புத்தூர் இருப்பதால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. இந்தியாவின் மோட்டார் தொழில் வளர்ந்த ஊர்களில் அது முதன்மையானது.

மோட்டார் பட்டறையில் இருக்கும் அந்த இரண்டு மூன்று நாள் போர் வாய் திறந்து கிடக்கும். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து, நான்கு நாள் போராட்டத்துக்குப் பிறகும் காப்பாற்ற முடியாமல் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அது கைவிடப்பட்ட போர். ஆனால் ஆறரை அங்குல வாய் எந்த வீட்டிலும் அதே ஆறரை அங்குலம்தான். கேப் போட்டு, அதன் மேல் கை அசைக்க முடியாத கல்லை ஏற்றிவைத்த பிறகுதான் ஆட்களை அனுப்புங்கள். சாக்கைக் கட்டிவைப்பது மூடுவது ஆகாது.

எங்கள் பெட்டிக் கதவின் உட்புறத்தில் இப்போது மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்: இறக்கிய தேதி, 440 அடி, 225 வோல்ட், 10 ஆம்ஸ், ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைய 50 நிமிடம். ஒவ்வொரு மாதமும் அடியில் ஒரு வரி சேர்க்கிறோம். கடைசி வரியில் ஆம்ஸ் 9.4, நேரம் 65 நிமிடம். இம்பெல்லர் தேயத் தொடங்கியிருக்கிறது என்கிறார் பெரியவர். கோடையில் மோட்டார் நின்றபிறகு ஆள் தேடி ஓடாமல், தண்ணீர் மட்டம் உயர்ந்து ஆட்களும் ஓய்வாக இருக்கும் தை மாதத்திலேயே தூக்கிவிடலாம் என்று தேதி குறித்திருக்கிறோம்.